அரை என்பது இட ஒதுக்கீடா? சோமாலியாவின் நாலரைப் பங்கு

ஆற்றுமணல்:
நேற்று வேறொரு இழையில் கணக்கன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சோமாலியாவில் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது, நாலரை முறை என்று பெயர், 31 இடம் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு உரிமைக்குரல்?" என்றார். இட ஒதுக்கீடா அது? தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே என்ற நான்கு பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. பாண்டு, பெனாதிரி, பஜூனி, கபோயே என்று மிச்சமிருக்கும் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி அரைப் பங்கு. கீழவையில் 275 இடம். பெரிய குலம் ஒவ்வொன்றுக்கும் 61, மூட்டைக்கு 31. அரை மனிதர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைக்கிறோமே!

பழைய_கணக்கன்:
சொன்னது நான்தான், மாற்றிச் சொல்லப் போவதில்லை. 2000இல் ஜிபூட்டியில் அர்த்தா சமாதான மாநாடு நடந்து இந்த நாலரை முறை வரும் முன்பு அவர்களுக்கு உறுதியான இடம் எத்தனை? அரை என்பது பூஜ்யத்தைவிடப் பெரிது. ஒன்பதில் ஒரு பங்கு சின்ன விஷயமா?

ஆற்றுமணல்:
அரை என்பது ஒன்றைவிடச் சின்னது. நான் பேசுவது அதைப் பற்றி மட்டும்தான்.

குமரன்77:
ஆற்றுமணல் சார், கோபம் இருக்கட்டும். அங்கே நம்பும்படியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாதபோது அரை குறைவு என்று எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

ஆற்றுமணல்:
அதே தராசைக் கணக்கனிடமும் நீட்டுங்கள். எண்ணவே இல்லை என்றால் அரை என்று எப்படி முடிவு செய்தார்கள்? ஐ.நா. மனிதாபிமானப் பிரிவின் 2002 ஆய்வு, சிறுபான்மையினர் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு பெரிய குலத்தையும் யாரும் எண்ணவில்லையே. அவர்களுக்கு மட்டும் முழுசு எப்படி வந்தது?

தேன்கூடு:
இடையில் ஒரு கேள்வி. பாண்டு என்பவர்கள் சோமாலியர்கள்தானே? தனியாக எதற்குப் பெயர்?

ஆற்றுமணல்:
நல்ல கேள்வி அம்மா. பலருடைய முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மலாவி, மொசாம்பிக் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். ஷபெல்லே ஆற்றங்கரைத் தோட்டங்களில் வேலை. தப்பியோடியவர்கள் ஜூபா ஆற்றங்கரைக் காட்டை வெட்டி ஊர் அமைத்தார்கள். அங்கே சிலர் இன்னும் சிசிகுலா மொழி பேசுகிறார்கள். பிறகு இத்தாலியர்கள் வந்து தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கினார்கள். 1975இல் நிலமெல்லாம் அரசுடைமை என்று சட்டம் வந்ததும், பதிவு செய்யத் தெரிந்த அதிகாரிகள் அவர்களுடைய ஆற்றங்கரை வயல்களைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். 1991இல் அரசு கவிழ்ந்த பிறகு துப்பாக்கி வைத்திருந்தவன் எல்லாரும் அவர்கள் சோளம் சேமித்த குழியைத்தான் முதலில் தோண்டினான். 1992 பஞ்சத்தில் அதிகம் செத்தவர்களில் இவர்களும் உண்டு. விதைத்தவர்கள் அம்மா அவர்கள்.

பழைய_கணக்கன்:
வரலாறு எல்லாருக்கும் தெரியும். துமால் என்ற கொல்லர் சமூகத்தில் பிறந்த முகமது அலி சமதார் 1987இலிருந்து 1990 வரை அந்த நாட்டின் பிரதமர். ஒதுக்கப்பட்டவர் பிரதமர் ஆவாரா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அரையைப் பற்றிப் பேசுங்கள்.

முத்துவேல்:
கணக்கன் அண்ணே, சமதாரையா எடுத்து வைக்கிறீர்கள்? 1988இல் வடக்கே உள்ள ஹர்கேசா நகரைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய ஆட்சி அது. அவர் மேல் அமெரிக்காவில் வழக்கு நடந்து 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பழைய_கணக்கன்:
அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டேனா? பிரதமரா இல்லையா? எத்தியோப்பியா இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள், மறந்துவிடவில்லை.

முத்துவேல்:
அந்த இழையில் வரைபடத்தைத் தலைகீழாகப் படித்தது யார் என்பதும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஆற்றுமணல்:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அன்றைய சர்வாதிகாரி சியாத் பர்ரே குலப் பெயரைச் சொல்லவே தடை போட்டிருந்த காலம் அது. அதனால் ஒருவர் மேலே வந்தார். அவர் இனத்தார் ஹர்கேசாவில் இன்றும் செருப்புத் தைத்துக்கொண்டும் இரும்பு அடித்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். 2018இல் மொகதிஷுவில் என்ன நடந்தது? ஒரு பாண்டு இளைஞன் பெரிய குலத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்காக அவனுடைய மாமனைப் பிடித்து எரித்துக் கொன்றார்கள். அரைப் பங்குக்காரனின் உயிருக்கும் அரை விலைதான் போலிருக்கிறது.

குமரன்77:
கொலை கொடூரம்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் பேச்சு நாடாளுமன்றத்தைப் பற்றி. 2012 தற்காலிக அரசியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு குலம், தொழில், பிறப்பு எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆற்றுமணல்:
அதே சட்டத்தில் நாலரை எங்கே இருக்கிறது, காட்டுங்கள். இல்லை. எழுதாத விதிதான் நாட்டை ஆளுகிறது. நம் ஊரில் ஒதுக்கீடு உள்ளவர் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். அங்கே 61இல் ஒன்றுக்கு ஒரு பாண்டு நிற்க முடியுமா? 2016இல் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 51 பேர், அடுத்த முறை 101 பேர். அந்தந்தக் குலப் பெரியவர்கள் பொறுக்கி எடுத்த ஆட்கள். 1969க்குப் பிறகு 2022 வரை, பல கட்சிகள் போட்டியிட்டு மக்கள் நேராக ஓட்டுப் போட்டு நாடாளுமன்றம் அமைந்ததே இல்லை. இதுவா ஒதுக்கீடு?

நான் கென்யாவில் உள்ள ததாப் அகதி முகாமில் இரண்டு வருஷம் கிடங்குக் கணக்கு பார்த்தவன். எங்களிடம் மூட்டை இறக்க வந்த ஒரு பாண்டுப் பையன் வாரா வாரம் தலையை மழித்துக்கொள்வான். வெயிலுக்கு என்றுதான் நினைத்தேன். சுருட்டை முடி தெரிந்தால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னான். அவர்களை 'ஜரீர்' என்பார்கள், கெட்டி முடிக்காரன் என்று அர்த்தம். 'அதூன்' என்றும் கூப்பிடுவார்கள், அடிமை. கூப்பிட்டவனும் அதே முகாமில் அதே சோளத்துக்குக் கையேந்தி நின்ற அகதிதான். பிளேடு வெட்டிய தழும்பு அவன் காதுக்கு மேலே வரிவரியாக இருக்கும். அவனிடம் போய் உனக்கு 31 இடம் இருக்கிறது என்று சொல்வீர்களா கணக்கன்?

பழைய_கணக்கன்:
உருக்கமாக எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 31 என்பது 31தான். நாளைக்கு அந்த 31ஐயும் எடுத்துவிட்டுத் திறந்த தேர்தல் வைத்தால் எத்தனை பேர் ஜெயிப்பார்கள்? அப்போது என்னிடம் வந்து அழக்கூடாது.

தேன்கூடு:
அந்தப் பையன் இப்போது எங்கே அண்ணா?

ஆற்றுமணல்:
2002இல் அமெரிக்கா போகப் பெயர் கொடுத்த பாண்டுக் குடும்பங்களை கென்யாவிலேயே இருக்கும் ககுமா முகாமுக்கு மாற்றினார்கள். சுமார் 12,000 பேர் அந்தப் பட்டியலில். அவன் குடும்பமும் பேருந்தில் ஏறியது. அப்புறம் தகவல் இல்லை அம்மா.

கணக்கன், நான் 31ஐ எடுக்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன், வரியைக் காட்டுங்கள். அரையை ஒன்றாக்கு என்றுதான் முதல் பதிவிலிருந்து கேட்கிறேன்.

பழைய_கணக்கன்:
ஒன்றாக்கினால் ஐந்து பங்கு. பெரிய குலம் ஒவ்வொன்றும் ஆறு இடம் விட்டுத்தர வேண்டும். எந்தக் குலம் தரும், பெயரைச் சொல்லுங்கள்.

முத்துவேல்:
பாருங்கள், இப்போது அரை குறைவுதான் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

பழைய_கணக்கன்:
முத்துவேல், உங்களிடம் பேசவில்லை.