மறு: கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் – 'ஏறக்கட்டல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

யூனிக்ஸ் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் திரி நீண்டு, ஒரு சொல்லுக்கான வாக்குவாதம் இன்னொன்றுக்குள் புகுந்துவிட்டது. தலைப்பிலுள்ள கிரேஸ்ஃபுல் ஷட்டவுன், நிரல் கைவேலையை ஒழுங்காக முடித்துவிட்டு நிற்பது. நிலுவையில் உள்ளவற்றுக்கு இந்த ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> சிக்னலுக்கு 'எச்சரிக்கை' என்றே வைத்துவிடலாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கும் எண் உண்டு, இதற்கும் எண் உண்டு. இராமநாதபுரத்துக்காரர் நீங்களே ஆதரிக்காவிட்டால் எப்படி?

அண்ணே, பாம்பனில் கூண்டு ஏறினால் மண்டபத்தில் எங்கள் தெருவில் அன்றைக்கு அதுதான் பேச்சு. அந்தப் பழக்கத்தால்தான் வேண்டாம் என்கிறேன். கூண்டின் எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 1 என்றால் தொலைவில் எங்கோ புயல் உருவாகக்கூடும். 10 என்றால் பெரும் அபாயம். யூனிக்ஸில் சிக்னல் என்பது ஓடும் நிரலுக்கு வரும் எண்ணிட்ட தகவல்; அதன் எண்ணுக்கும் கடுமைக்கும் தொடர்பே கிடையாது. 15, அதாவது சிக்டெர்ம், 'முடித்துக்கொள்ளப்பா' என்கிற வேண்டுகோள். அதைவிடச் சிறிய எண்ணான 9, சிக்கில், கேட்பதே இல்லை. நிரலை கெர்னல், அதாவது இயக்குதளத்தின் கரு, நேராக அழித்துவிடும். அதைப் பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. சிக்சைல்டு என்பது சேய்ச் செயல்முறை முடிந்த தகவல்; சிக்விஞ்ச் முனையச் சன்னலின் அளவு மாறிய தகவல். இவற்றில் எச்சரிக்க என்ன இருக்கிறது? (11ஆம் எண் மட்டும் வேடிக்கை. துறைமுகத்தில் அது வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோனதைக் குறிக்கும்; யூனிக்ஸில் நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கைவைத்ததைக் குறிக்கும். தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.)

'சமிக்ஞை' இருக்கட்டும். வடசொல் என்ற முணுமுணுப்பு காதில் விழுகிறது. 'குறிகை'க்கு வாக்களிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

> சிக்னல் ஹேண்ட்லர் = சமிக்ஞைக் கையாளி. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது தம்பி. சமிக்ஞை வந்ததும் ஓடும் சார்புதான் (ஃபங்ஷன்) ஹேண்ட்லர். என் மனக்குறையே இந்தச் சொல்தான். 'கையாளி' என்று சொல்லிக்கொடுத்தால் படிக்கிற பிள்ளைகள் எல்லாக் கையாளலையும் அதற்குள்ளேயே திணிக்கிறார்கள்: கோப்பை மூடுவது, 'போய் வருகிறேன்' என்று அச்சிடுவது, எல்லாம்.

சமிக்ஞை எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் வந்து நிற்கும். நிரல் அப்போது, நினைவகம் ஒதுக்கித் தரும் சார்பான மல்லாக்கின் உள்ளே, நினைவகப் பட்டியலைத் திருத்துவதற்காகப் பூட்டைப் போட்டுக்கொண்டு பாதி வேலையில் இருக்கலாம். ஹேண்ட்லரும் மல்லாக்கை அழைத்தால் அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். பூட்டைத் திறக்க வேண்டியவனும் காத்திருப்பவனும் ஒரே இழை (த்ரெட்). அவ்வளவுதான், நிரல் உறைந்துவிடும். அச்சிடும் சார்பான பிரிண்ட்எஃப்புக்கும் இதே கதி நேரலாம்.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலையில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை இதே குடும்பம்தான். உள்நுழைய வந்தவர் 120 வினாடிக் கெடுவுக்குள் தன்னை நிரூபிக்காவிட்டால், நேரம் முடிந்ததைச் சொல்லும் சிக்அலார்ம் வரும். அதன் ஹேண்ட்லர் பதிவு எழுத சிஸ்லாக்கை அழைத்தது. சிஸ்லாக்கோ உள்ளே நினைவகம் கேட்கக்கூடியது. கிளிப்சி என்ற சி மொழி நிரலகம் உள்ள லினக்ஸ் கணினிகளில் இந்த இடுக்கு வழியாக வெளியிலிருந்தே ரூட் எனும் முழு அதிகாரம் பெறலாம் என்று குவாலிஸ் நிறுவனத்தார் காட்டினார்கள். 2006இல் அடைத்த ஓட்டைதான், 8.5 பதிப்பில் மறுபடி திறந்து, 9.8இல் மூடப்பட்டது. தேர்ந்த கைகள் எழுதிய நிரலிலேயே இப்படி.

கூண்டு ஏற்றுகிறவர் எந்தப் படகையும் இழுத்துக் கட்டுவதில்லை. ஏற்றிவிட்டு இறங்கிவிடுவார், கட்டுவது கரையில் இருப்பவர்கள் வேலை. ஹேண்ட்லரும் அந்த மட்டோடு நிற்க வேண்டும். வாலட்டைல் சிக்-அடாமிக்-டி வகைக் கொடி (குறுக்கீட்டிலும் கெடாத மாறி) ஒன்றை 1 ஆக்கலாம், அல்லது குழாயில் (பைப்) ஒரு பைட் எழுதலாம் (கடைசிப் பிழை எண்ணான எர்நோவைக் காப்பாற்றி வைத்துவிட்டு). மீதியை நிரலின் முதன்மைச் சுழல் (லூப்) பார்த்துக்கொள்ளும். ஆகவே என் பரிந்துரை 'சமிக்ஞை ஏற்பி'. பொத்தான், சாளரம் போன்ற பிற இடங்களில் 'கையாளி' தாராளமாக இருக்கட்டும்.

> 'ஒத்திசைவற்ற சமிக்ஞைப் பாதுகாப்புச் சார்பு' நீளம்தான். 'இழைப்பாதுகாப்பு' என்பதற்குள் இதுவும் அடங்காதா?

அடங்காது தோழி. பல இழைகள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் கெடாதிருப்பதுதான் இழைப்பாதுகாப்பு. மேலே சொன்ன மல்லாக் இழைப்பாதுகாப்பு உள்ளதுதான். அந்தப் பாதுகாப்பைத் தரும் பூட்டுதான் இங்கே கழுத்தை நெரிக்கிறது. ஏற்பிக்குள் அழைக்கத் தகுந்தவை என்று, யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது: ரைட், கில், சிக்ஆக்‌ஷன் எல்லாம் அதில் உண்டு. எக்ஸிட் இல்லை, அடிக்கோட்டு எக்ஸிட் (_exit) உண்டு. வேலையின் இடையில் புகுந்து அழைத்தாலும் கெடாதவை என்பதால் 'இடையழைப்புத் தாங்கும் சார்பு' என்கிறேன். இதைவிடச் சுருக்கம் கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

> 'ஏறக்கட்டல்' என்றால் தொழில் நொடித்துப்போன வாடை அடிக்கிறது. 'நளின நிறுத்தம்', 'கரையொதுங்கல்' இரண்டில் ஒன்றை எடுக்கலாமே.

நளினம் பரதத்துக்கு இருக்கட்டும். 'கரையொதுங்கல்' எங்கள் பக்கம் செல்லவே செல்லாது. இங்கே கரை ஒதுங்குவது செத்த ஆவுளியாவும் (கடற்பசு) உடைந்த படகின் பலகையும். உயிரோடு வருகிறவர் கரை சேருவார்.

நொடித்தவரைப் பற்றியும் 'ஏறக்கட்டிவிட்டார்' என்பார்கள், உண்மை. ஆனால் இரவில் கடையை ஏறக்கட்டுகிறவர் மறுநாள் காலையில் திறக்கிறார். நமக்கு வேண்டிய பொருளும் அதுவே: சிக்டெர்ம் வாங்கும் சேவைகளில் பாதி, புதுப்பிப்புக்காக நிறுத்தி மறுபடி தொடங்கப்படுகிறவைதான்.

பாம்பனில் மீன் ஏலக் கணக்கு எழுதும் நிரல் ஒன்றை வைத்துக்கொள்வோம். கொடி 1 ஆனதைச் சுழல் பார்த்ததும் புதிய ஏலத்தை வாங்க மறுக்க வேண்டும். கையில் உள்ள வரியை முடித்து, இடைநினைவில் (பஃபர்) தேங்கியதை எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க் இரண்டின் மூலம் வட்டுக்குத் தள்ளி, பூட்டுக் கோப்பை நீக்கிவிட்டு, கடைசியாக எக்ஸிட். இந்த முழு வரிசைக்குத்தான் 'ஏறக்கட்டல்' கேட்கிறேன். அடிக்கோட்டு எக்ஸிட் இடைநினைவைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடும்; கடைசி நாலு கூடை நண்டு கணக்கில் ஏறாது. அதை 'உடன்வெளியேற்றம்' எனலாம். இரண்டுக்கும் 'வெளியேறு' என்று ஒரே சொல் போட்டிருப்பதை மொழிபெயர்ப்புக் கோப்பில் பார்த்தேன், அதைப் பிரித்தாக வேண்டும்.

விடுபட்டது ஒன்று. ஏறக்கட்டத் தரும் அவகாசத்துக்கு யாரோ 'அருள்காலம்' என்று எழுதியிருந்தீர்கள். 'கெடு' இருக்கும்போது அது எதற்கு? சேவைகளை நடத்தும் மென்பொருள்களில் சிஸ்டம்-டி இயல்பாக 90 வினாடிக் கெடு தரும், டாக்கர் 10, குபர்நெட்டீஸ் 30. கெடு தாண்டினால் 9 வரும், ஷெல்லில் வெளியேறு நிலை 137 (128 + 9) என்று தெரியும். 'ஏறக்கட்டல் கெடு முடிந்தது. செயல்முறை அழிக்கப்பட்டது' என்ற செய்தியை வரைவுக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் அந்த வரியின் கீழேயே எழுதுங்கள்.