தவழாமல் உட்கார்ந்தே நகர்கிறாள், நடப்பதில் பிரச்சினை வருமா?

கேள்வி (பாப்பாவின் அம்மா):
என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. குப்புற விழுந்தாள், நன்றாக உட்கார்ந்தாள், இப்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தும் நிற்கிறாள். ஆனால் தவழவே இல்லை. ஒரு காலை மடித்து, கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே சர்ரென்று நகர்ந்து போகிறாள். "தவழாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்கிறார் என் மாமியார். ஒரு வீடியோவிலும், தவழாவிட்டால் மூளையின் இரண்டு பக்கமும் சரியாக இணையாது என்றார்கள். கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. பிடித்து வைத்துத் தவழப் பழக்க வேண்டுமா?

பதில் 1 (இரண்டு பிள்ளைக்காரி):
என் பெரியவன் அச்சு அசல் இப்படித்தான். அவன் அப்பாவும் சின்ன வயதில் இதே மாதிரிதானாம். நடக்கக் கொஞ்சம் தாமதமானது, ஒன்றரை வயதை ஒட்டித்தான் நடந்தான். இப்போது பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறான். உங்கள் வீட்டில் யாராவது அப்படி நகர்ந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2 (குழந்தைகள் பிசியோதெரபிஸ்ட்):
முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். தவழாததால் படிப்பு வராமல் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. அதில் 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. தவழ்ந்தவர்களுக்கும் ஒரே வயது கிடையாது. 5.2 மாதத்தில் தொடங்கியதும் உண்டு, 13.5 மாதத்தில் தொடங்கியதும் உண்டு. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022-ல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் தவழ்தலே இல்லை.

அதற்காகத் தவழ்வது வீண் என்று சொல்ல மாட்டேன். தோளும் மணிக்கட்டும் உடல் எடையைத் தாங்கிப் பழக அது அருமையான பயிற்சி. ஆனால் அதைவிட முக்கியம், குழந்தை தன் விருப்பத்துக்குத் தானே நகர்ந்து போவது. தவழ்ந்து பழகிய பிறகுதான் குழந்தைகள் பள்ளமான இடத்தின் விளிம்பில் தயங்குகின்றன என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இடம், தூரம், ஆழம் எல்லாம் நகர நகரத்தான் புரிகிறது.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது "ஒரு காலை மடித்து" என்ற இடம்தான். உட்கார்ந்து நகரும் நிறைய குழந்தைகள் அப்படித்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். பொம்மையை வலப்பக்கம் வைத்தால் எந்தக் கையை நீட்டுகிறாள்? இடப்பக்கம் வைத்தால்? ஒரு கை எப்போதும் மூடியே இருக்கிறதா? எழுந்து நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறதா, ஒரு குதிகால் மட்டும் தூக்கியபடியே நிற்கிறதா? ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது, 18 மாதமாகியும் நடக்காமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 3 (ஒரு தாத்தா):
நல்ல விளக்கம். ஆனால் இந்தக் காலத்தில் பிள்ளையைத் தரையில் விடுவதே இல்லையே? மடியில், தொட்டிலில், நாற்காலியில் என்று அடைத்து வைத்தால் அது எப்படித் தவழும்?

பதில் 4 (பிசியோதெரபிஸ்ட்):
ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு, அதில் மாற்றமே கூடாது. விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்துகொண்டு தரையில் விட வேண்டும். சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் வழுக்காமல் பிடிக்கும். உங்கள் காலை நீட்டி உட்காருங்கள், அந்தப் பக்கம் பொம்மையை வையுங்கள். உங்கள் காலைத் தாண்டி ஏற வரும்போது அவளே கையையும் முட்டியையும் ஊன்றுவாள். அழுதால் விட்டுவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா:
மிக்க நன்றி! இன்று சாயங்காலம் முழுக்க அவள் பின்னாலேயே இருந்து பார்த்தேன். பொம்மை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தக் கையைத்தான் நீட்டுகிறாள். குதிகால் இரண்டும் பதிகின்றன. மாமியாரும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் விசாரித்ததில், என் நாத்தனாரும் உட்கார்ந்தே நகர்ந்தவராம்! இன்னொரு சந்தேகம்: சீக்கிரம் நடக்கட்டும் என்று உறவினர் ஒருவர் வாக்கர் வாங்கித் தந்திருக்கிறார். அதில் உட்கார வைக்கலாமா?

பதில் 5 (பிசியோதெரபிஸ்ட்):
வேண்டவே வேண்டாம். வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டு வரை உருண்டு போய்விடும். தலையில் அடிபட்டு வரும் குழந்தைகள் ஏராளம். கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். தரையே போதும்.