புதுப்பிப்பு: மில்கள் சேர்ந்து காற்றாலை வாங்கும் விஷயம்

எங்கள் ஊர் மில்கள் சில சேர்ந்து காற்றாலை வாங்கலாமா, ஊரில் காற்று போதாதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

'ஓடந்துறையைப் பாருங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. மேட்டுப்பாளையம் பக்கத்து அந்த ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, உடுமலை அருகே மைவாடியில் நிறுத்தியது. மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பலாம், காற்றை அனுப்ப முடியாதே! நாங்களும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பக்கம் இடம் பிடித்துவிட்டோம்.

அப்புறம் பங்குக் கணக்கு. 2005 மின்சார விதிகளின்படி, சொந்தப் பயன்பாட்டு நிலையம் என்றால் பயனாளிகளிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கூட்டாக இருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏற்ற அளவு எடுத்தாக வேண்டும், 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். கூட்டுறவுச் சங்கமானால் மொத்தமாகக் காட்டினால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மில்லுக்கு மில் ஓட்டம் மாறும் எங்களுக்கு அதுதான் சரி. சங்கம் பதிவாகிவிட்டது.

எதிர்பாராதது பாதை. இறக்கை ஏற்றிய லாரி ஊர் வளைவில் திரும்பாது. தோட்டத்துக்காரர் வேலியைப் பிரித்து வழிவிட ஒப்புக்கொண்டார், ஆனால் அறுவடைக்குப் பிறகுதான். ஆக, இந்த வருட ஆடிக் காற்று போச்சு.