2007 போர்ஷே 911 கரேரா எஸ்: வாங்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கையால் கியர் மாற்றும் 2007ஆம் ஆண்டு 911 கரேரா எஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ளன; பெயின்ட்டிலும் குறை தெரியவில்லை. ஆனாலும் ஐ.எம்.எஸ். பேரிங் (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) பழுதாவதைப் பற்றிப் படித்ததிலிருந்து முன்பணம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் ஆலோசனை என்ன?

பதில் 1:
வணக்கம் நண்பரே. இந்தக் காரில் உள்ள எம்97 வகை எஞ்சினில் அந்த பேரிங் பெரியது. முந்தைய தலைமுறை 911 ஆன 996 கார்களில் இருந்ததைப் போல எளிதில் பழுதாவதில்லை, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதை மாற்றவும் முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, 3.8 லிட்டர் எஞ்சினின் சிலிண்டர் சுவர்களில் விழும் கீறல்தான். புகைக்குழாய் முனைகளில் ஒரு பக்கம் மட்டும் கரி அதிகம் படிந்திருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகு ஒரு பக்கத்திலிருந்து தட்டுவது போன்ற சத்தம் கேட்டாலோ எச்சரிக்கையாக இருங்கள். அவை இல்லாவிட்டாலும், ஆறு சிலிண்டர்களுக்குள்ளும் சிறு கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்பதையும் பாருங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு அழகான காராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வரம்பு மீறிய வேகத்தில் எஞ்சின் சுழன்ற தருணங்களும் எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும். தவறான கியருக்கு இறக்கி ஓட்டியிருந்தால் அதில் தெரிந்துவிடும். கூடுதல் பணம் திரட்ட முடிந்தால் 2009 மாடலைத் தேடுங்கள்: அந்தப் புதிய கரேரா எஞ்சினில் ஐ.எம்.எஸ். தண்டே கிடையாது.