ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்குப் பேச்சு மலையாளம்: வழி சொல்லுங்கள்

அக்கா மகன் வெளிநாட்டில் வளர்ந்தவன். ஆங்கிலம் மட்டும்தான், தமிழும் வராது. ஜூனில் வேலைக்காகக் கோழிக்கோடு போகிறான். கடை, ஆட்டோ, பக்கத்து வீடு அளவுக்குப் பேசினால் போதும்.

மொபைல் ஆப், யூடியூப் பாடங்கள், ஆங்கில வழிப் புத்தகம் எல்லாம் பார்த்தாயிற்று. ‘எனிக்கு வெள்ளம் வேணம்’ (எனக்குத் தண்ணீர் வேண்டும்) என்று தெளிவாகவே சொல்கிறான். நான், நீ, அவள் யாரானாலும் வினைச்சொல் மாறாதது அவனுக்கு வசதி. ஆனால் எதிரில் இருப்பவர் பதில் சொன்னால் ஒன்றும் பிடிபடுவதில்லை. புத்தக நடை வேறு, அங்கே பேசுவது வேறு. ல, ள, ழ மூன்றும் அவன் காதுக்கு ஒன்றுதான். எழுத்துப் படிப்பதை அப்புறம் பார்க்கலாம் என்கிறான், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கோழிக்கோட்டுப் பக்கத்து மலபார் பேச்சுக்குக் காதைப் பழக்க, ஆங்கில விளக்கத்தோடு மெதுவாகப் பேசும் ஒலிப்பதிவோ ஆன்லைன் ஆசிரியரோ யாருக்காவது தெரியுமா?