தலைப்பாட்டை விட்டால் அல்பத்துக்குள் வேறென்ன கேட்கலாம்?

கோண்டாவில் பெடியன்: பருத்தித்துறை பஸ்ஸில் தினமும் போய் வருகிறேன். கே-பாப்பில் (கொரிய பொப் இசையில்) எல்லாரும் போடுகிற பாட்டுகள் அலுத்துப்போச்சு. அல்பத்துக்குள் கவனிக்காமல் கிடக்கிறவற்றைச் சொல்லுங்கோ.

நெல்லியடி அக்கா: தம்பி, கொரியக் குழு பிடிஎஸ்ஸின் 2018 அல்பம் 'லவ் யுவர்செல்ஃப்: டியர்' இருக்கல்லோ, அதில் '134340' கேளுங்கோ. 2006இல் புளூட்டோவைக் கிரகப் பட்டியலில் இருந்து எடுத்தபின் அதற்குக் கொடுத்த இலக்கம் அது. கைவிடப்பட்டவன் புளூட்டோவாக நின்று பாடுகிறான். பின்னால் புல்லாங்குழல் சுற்றிக்கொண்டே வரும். பஸ் ஹோர்னுக்குள் அமுங்கிப்போகும், நல்ல ஹெட்செட் போடுங்கோ. அந்த அல்பத்தின் தலைப்பாட்டு 'ஃபேக் லவ்'வை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

உரும்பிராயான்: எஃப்எக்ஸ் என்ற கொரியப் பெண்கள் குழு, 'பிங்க் டேப்' அல்பம் (2013), அதில் 'ஏர்பிளேன்' பாட்டு. போட்டுப் பாரும்.

கோண்டாவில் பெடியன்: சரி அக்கா. ஜப்பான் பக்கம் ஒன்றும் இல்லையோ?

நெல்லியடி அக்கா: ஜப்பானியப் பாடகி தயேகோ ஓனுகியின் 'சன்ஷவர்' அல்பம், 1977. அதில் பாட்டுப் பொறுக்க வேண்டாம், முழுசாகவே ஓடவிடுங்கோ.