பேட்டரிப் பெட்டிக்குள் வைக்கும் அந்த உருளைக்கு என்ன பெயர்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பேட்டரியில் ஓடும் லெகோ மோட்டார்களை பிளக்கில் செருகி ஓட்டுவதற்கான செய்முறைக் குறிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு பொருளின் பெயரில்தான் தடுக்கி நிற்கிறோம். பேட்டரிக்குப் பதிலாகப் பெட்டிக்குள் வைக்கும் உருளை. ஏஏ பேட்டரியின் அதே அளவு: 14.5 மி.மீ. விட்டம், 50.5 மி.மீ. நீளம். உள்ளே ரசாயனம் எதுவும் கிடையாது. ஆங்கிலக் குறிப்புகள் 'டம்மி பேட்டரி' என்று ஒரே பெயரை வைத்துச் சமாளித்துவிடுகின்றன. நாமும் அப்படிச் சமாளிக்கக் கூடாது என்பது என் கட்சி. வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு காரணத்தைச் சொல்கிறேன்.

> 'போலி மின்கலம்' போதுமே. யாருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் வேறாகப் புரியும். கடைத்தெருவில் போலி என்றால் பெயர்பெற்ற கம்பெனியின் உறையை ஒட்டி விற்கிற மட்டச் சரக்கு. 'ஆறு போலி மின்கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் எழுதினால் படிப்பவர் நம்மையே சந்தேகப்படுவார். அது சின்னக் குறைதான். பெரிய குறை, அந்தப் பெயர் மூன்று வெவ்வேறு பொருள்களை மூடி மறைக்கிறது என்பது.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். 2007-இல் வந்த லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார் வரிசையின் பெரிய பேட்டரிப் பெட்டியில் ஆறு ஏஏ பேட்டரிகள். பின்னால் வந்த பவர்டு அப் வரிசையின் சிறிய ஹப்பில் (பேட்டரியும் மின்னணுச் சுற்றும் சேர்ந்த பெட்டி) ஆறு ஏஏஏ. இரண்டிலும் தொடரிணைப்புதான், ஆறு 1.5 சேர்ந்து 9 வோல்ட். இதை வெளியிலிருந்து வரும் 9 வோல்ட்டில் ஓட்ட, பெட்டியை அறுக்காமலும் சூட்டுக்கோல் வைக்காமலும் இரண்டு வழி உண்டு.

முதல் வழி: ஒரே ஒரு உருளையின் இரு முனைகளுக்கும் அடாப்டரிலிருந்து ஒயர் வரும். முழு 9 வோல்ட்டும் அந்த ஓர் இடத்தில் நுழைகிறது. மீதி ஐந்து இடங்களிலும் தலைமுதல் வால்வரை கம்பி ஓடும் உருளைகள். அவை மின்சாரத்தை அடுத்த இடத்துக்கு அனுப்பினால் போதும்.

இரண்டாம் வழி: தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் இரு தகடுகளில் ஒயரை நேராகப் பிடித்துவிடுவது. அப்போது பெட்டியில் எதையும் வைக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் ஆடாமல் இருக்க வேண்டுமென்றால் மரக்குச்சியை அளவாக அறுத்து வைக்கலாம். அதில் மின்சாரம் ஓடவே கூடாது.

இப்போது ஒருவர் இரண்டாம் வழியில் ஒயரைப் பிடித்துவிட்டு, முதல் வழிக்கான கம்பி ஓடும் உருளைகளை ஆறு இடத்திலும் வைத்தால்? அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்ளும். நல்ல அடாப்டர் தானே அணைந்துகொள்ளும். மட்டமானது சூடாகும், புகையும். மாற்றிச் செய்தால், அதாவது முதல் வழியில் மரக்குச்சியை வைத்தால், ஒன்றும் ஓடாது. படிப்பவர் 'குறிப்பே தப்பு' என்று திட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு விபத்துக்கும் ஒரே காரணம், மூன்றையும் 'போலி மின்கலம்' என்று எழுதியதுதான். ஆகவே எனக்கு மூன்று பெயர் வேண்டும்.

மின்சாரத்தைக் கொண்டுவருவது: ஊட்டுகலம்.
அடுத்த இடத்துக்கு அனுப்புவது: கடத்துகலம்.
இடத்தை மட்டும் அடைப்பது: வெறுங்கட்டை.

முதல் இரண்டும் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எனவே நடுவில் ஒற்று மிகாது. 'ஊட்டுக்கலம்' என்று எழுதுவது தவறு என்பதைக் குறிப்பிலேயே போட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிழைதிருத்துகிற நண்பர்கள் அன்போடு ஒரு க் சேர்த்துவிடுவார்கள்.

> பேட்டரி எலிமினேட்டர் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதே. 'மின்கல விலக்கி' என்று மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

எலிமினேட்டர் வேறு பொருள். டிரான்சிஸ்டரையும் டேப் ரிக்கார்டரையும் பிளக்கில் போட்டுக் கேட்ட தலைமுறைக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 3, 4.5, 6, 9 என்று திருகும் குமிழோடு, தூக்கினால் கனமாக இருக்கும் பெட்டி. பெயர் அதைவிடப் பழையது. 1920-களில் அமெரிக்க வீடுகளில் ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. அந்தப் பேட்டரிகளை ஒழிக்க வந்த கருவிக்கு வைத்த பெயர் அது. பிற்பாடு மோட்டோரோலா ஆன கம்பெனியை கால்வின் சகோதரர்கள் 1928-இல் சிகாகோவில் தொடங்கியபோது விற்ற முதல் சரக்கே பேட்டரி எலிமினேட்டர்தான். அதே காலத்தில் கனடாவில் ரோஜர்ஸ் என்பவர் பேட்டரியே வேண்டாத ரேடியோவைச் செய்து, அந்தப் பெருமையைத் தன் வானொலி நிலையத்தின் பெயரிலேயே பதித்தார். சி.எஃப்.ஆர்.பி. என்பதில் வரும் 'ஆர்.பி.' அதுதான்: ரோஜர்ஸ் பேட்டரிலெஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலிமினேட்டர் சுவர்ப்பக்கம் இருப்பது. நாம் பெயர் தேடுவது பெட்டிக்குள் இருப்பதற்கு. சுவர்ப்பக்கப் பொருளுக்குப் புதுப்பெயர் வேண்டாம், 'அடாப்டர்' என்றே விட்டுவிடலாம். ஒரே ஓர் எச்சரிக்கையைக் குறிப்பில் சேர்க்க வேண்டும்: வீட்டில் கிடக்கிற பழைய எலிமினேட்டரை எடுத்து மாட்டாதீர்கள். அதில் பெரும்பாலும் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சுற்று கிடையாது. 9 என்று திருகி வைத்தாலும் சுமை இல்லாதபோது 12 வோல்ட்டைத் தாண்டும். வெறும் மோட்டார் என்றால் பொறுத்துக்கொள்ளும். பவர்டு அப் ஹப்பின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு அது ஆகாது. பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் அதில் நிச்சயமில்லை.

நான் எழுதியிருக்கும் வழி எளியது. 'பி.டி.' (பவர் டெலிவரி) வசதியுள்ள 18 வாட் செல்பேசி சார்ஜர் 5 வோல்ட்டோடு 9 வோல்ட்டும் தரும், அதில் 2 ஆம்பியர் கிடைக்கும். 9 வோல்ட்டைக் கேட்டு வாங்குகிற சின்ன டிரிகர் போர்டு ஒன்று நடுவில் வேண்டும், அவ்வளவே. பவர் ஃபங்ஷன்ஸின் எக்ஸ்எல் மோட்டார் சுற்ற முடியாமல் முட்டி நிற்கும்போது இழுப்பது சுமார் 1.8 ஆம்பியர். ஒரு மோட்டாருக்கு இது தாங்கும். இரண்டு எக்ஸ்எல் என்றால் பெரிய சார்ஜர் பார்க்க வேண்டும்.

> 'நேர்மின் பொம்மை' என்று வைக்கலாம். நேராக மின்சாரத்தில் ஓடுகிறதல்லவா.

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கடைக்காரர் 'டைரக்ட் கரண்ட்ல ஓடும் சார்' என்றால் பேட்டரி இல்லாமல் பிளக்கில் ஓடும் என்று பொருள். பாடநூலில் நேர்மின்னோட்டம் என்றால் பேட்டரி தருகிற அந்த டிசி. பிளக்கில் வருவதோ 230 வோல்ட் மாறுமின்னோட்டம். ஒரே சொல் இரண்டு இடத்தில் தலைகீழாக நிற்கிறது. 'நேர்மின்' என்று படித்துவிட்டு ஒரு பையன் பொம்மையின் ஒயரை நேராக பிளக் துளையில் செருகினால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1925-இல் ஹார்ன்பி தன் முதல் மின்சார ரயில் பொம்மையை வீட்டு மின்சாரத்திலேயே ஓடும்படி விற்றது. ஆபத்து என்று கண்டு சில ஆண்டுகளில் குறைந்த வோல்ட்டுக்கு மாறியது. இன்றைய ஐரோப்பியப் பொம்மை விதியின்படி பொம்மையை ஓட்டும் மின்சாரம் 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மின்மாற்றி பொம்மையின் ஓர் அங்கமாகவும் இருக்கக் கூடாது. ஆகவே பெயரிலும் 230 வோல்ட் பொம்மைக்கு வெளியிலேயே நிற்கட்டும். 'வீட்டுமின்', 'வலைமின்' என்று தொடங்கும் எந்தப் பெயரும் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குப் பொருந்தாது.

பேட்டரியிலிருந்து பிளக்குக்கு மாற்றுகிற செயலுக்கும் ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். அதற்குக் கலைச்சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். 'பேட்டரி இல்லாமல் ஓட்டுவது' என்று தமிழில் சொன்னாலே முடிந்தது.

அன்புடன்,
கோவையிலிருந்து

———

மறுமொழி:

வணக்கம் ஐயா. உங்கட மூன்று பிரிவும் சரியானது, அதில் எனக்கு மறுப்பில்லை. பெயர்களில் மட்டும் இரண்டு சொல்ல இருக்கு.

முதலாவது, ரசாயனம் இல்லாததைக் கலம் என்று சொல்லலாமோ? எங்கட பாடநூல்களிலும் மின்கலம் என்றால் ரசாயன ஆற்றலை மின்னாக்கிறது. நீங்கள் மூன்றாவதை மட்டும் கட்டை என்கிறீர்கள். உங்கட பக்கம் சனங்கள் பேட்டரியையே 'பேட்டரிக் கட்டை' என்று சொல்வார்கள்தானே? அப்ப மூன்றையும் கட்டை என்றே விடுங்கோ: ஊட்டுகட்டை, கடத்துகட்டை, வெறுங்கட்டை. ஒரு குடும்பம் மாதிரி நிற்கும். படிக்கிறவருக்கு முதற்பாதியை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டாவது, அந்தக் 'கடத்துகட்டை'. செம்மரம் கடத்துகிற செய்தி வாரம் தவறாமல் வாற காலத்தில் இந்தப் பெயரை வைத்தால் பொலிஸ்தான் முதலில் வந்து வாசிக்கும். கடத்தி என்ற பாடநூல் சொல் எனக்கும் தெரியும், ஆனால் கட்டையோடு சேர்ந்தால் காடுதான் ஞாபகம் வருகுது. 'பாலக்கட்டை' எப்படி? இரண்டு தகட்டுக்கும் நடுவில் பாலம் போடுகிறது, அவ்வளவுதானே.

'ஊட்டு' பற்றி ஒரு கேள்வியும் வரும், பாருங்கோ. தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்றால் நாங்கள் மின்னேற்றம் என்கிறது. எங்களுக்கு மோதல் இல்லை. உங்கட ஆட்கள் ஊட்டுகட்டை என்றதும் சார்ஜர் என்று நினைக்க மாட்டார்களா?

இன்னொரு விஷயம், பெயரோடு சம்பந்தமில்லை. பழைய றேடியோக்களில் அடாப்டரின் முள்ளைச் செருகினவுடன் பற்றரி தானாகத் துண்டிக்கப்படும், துளைக்குள்ளேயே அந்த ஏற்பாடு இருக்கும். சில பேர் பெட்டியைத் துளைத்து வெறும் சொக்கெற் ஒன்றை வைத்து, பற்றரியையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். அடாப்டரும் பற்றரியும் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால், பற்றரி இறங்க இறங்க அடாப்டர் அதற்குள்ளே மின்சாரத்தைத் திணிக்கும். அல்கலைன் பற்றரி அதற்குச் செய்ததில்லை, ஒழுகும், வெடிக்கவும் கூடும். இதையும் குறிப்பில் போடுங்கோ.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

மறுமொழி:

பாலக்கட்டை அருமை, எடுத்துக்கொள்கிறேன். கட்டைக் குடும்பமும் சரி. பாட்டுக்காரர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி சொல்வதுண்டு. அவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்கும் நாள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டுகட்டையில் குழப்பம் வராது என்றே படுகிறது. மின்னூட்டம், மின்னூட்டி இரண்டிலும் முன்னால் 'மின்' நிற்கிறது. இதில் இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல வெளியிலிருந்து உள்ளே கொடுக்கிறது என்ற நினைவுதான் வரும், வர வேண்டியதும் அதுவே.

பேட்டரி ஒழுகும் எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டேன். அதோடு இன்னொன்று: முதல் வழியில் ஐந்து பாலக்கட்டைகளில் ஒன்றுக்குப் பதில் மறதியாக நிஜப் பேட்டரி கிடந்தால், அது தொடரில் சேர்ந்து 10.5 வோல்ட் ஆகிவிடும். 'கட்டைகளைப் போடுமுன் பேட்டரிகள் அனைத்தையும் எடுத்துவிடவும்' என்று முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்.

சொற்பட்டியலில் போகப்போவது இது:

ஊட்டுகட்டை: பேட்டரியின் வடிவில் இருந்து, அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பெட்டிக்குள் தருவது. ஒரு பெட்டிக்கு ஒன்று.
பாலக்கட்டை: ஒரு பேட்டரி இடத்தின் இரு தகடுகளையும் கம்பியால் இணைப்பது. ஊட்டுகட்டையோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.
வெறுங்கட்டை: மின்சாரம் ஓடாதது. இடத்தை அடைக்க மட்டும்.

பிளக்கில் வருவதற்கான பொதுப்பெயரை வேறொரு இழையில் பேசலாம். 'ஈபி கரண்ட்' என்று எழுதியிருந்த நண்பரிடம் ஒரே கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அதே பிளக்கில் வருவதை என்னவென்று சொல்வது?